நீரிழிவும் உள்ளழற்சியும்: சமைக்கும் முறையில் கவனம்

“சீனியைத் தொடுவதே இல்லை, சோற்றையும் குறைத்துவிட்டேன். பிறகும் ஏன் சர்க்கரை குறையவில்லை, டாக்டர்?” நீரிழிவுச் சிகிச்சைக்கு வருவோர் பலர் கேட்கும் கேள்வி இது. குறைத்த சோற்றுடன் என்ன சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று வினவினால், வறுத்த மீன், அப்பளம், மாலையில் இரண்டு வடை என்று விடை வரும். அரிசியின் அளவைக் கவனிக்கும் நாம், அடுப்பில் நிகழ்வதைக் கவனிப்பதில்லை.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. அது அழற்சி, கிருமியை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் பாதுகாப்பு. புண் ஆறியதும் அதுவும் அடங்கிவிடும். நீரிழிவிலும் வயிற்றுப் பருமனிலும் காணப்படும் அழற்சியோ வேறு வகையானது. அதில் வலியோ காய்ச்சலோ இராது. ஆண்டுக்கணக்கில் தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். அதனால் இன்சுலினின் செயல் தடைப்படுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடைகிறது. இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவதற்கும், கால் புண் ஆறத் தாமதமாவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தணலுக்கு உணவு எவ்வாறு விறகாகிறது? நீரின்றி அதிகச் சூட்டில் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் உணவு பொன்னிறமாகிறது. அப்போது சர்க்கரை, புரதத்துடனும் கொழுப்புடனும் பிணைந்து சில வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. இவற்றை மருத்துவத்தில் சுருக்கமாக ‘ஏ.ஜி.இ.’ என்பர். இரத்தச் சர்க்கரை மிகும்போது இவை நம் உடலுக்குள்ளேயும் உருவாகின்றன. உணவின் வழியே வருபவையும் சேரும்போது அழற்சி தூண்டப்படுகிறது.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், உடற்பருமன் மிகுந்த 38 பேரிடம் இதனை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏ.ஜி.இ. குறைந்த உணவையும் மிகுந்த உணவையும் 12 வாரங்கள் அளித்து ஒப்பிட்டதில், குறைந்த உணவு இன்சுலினின் செயலை மேம்படுத்தியது. பங்கேற்றோர் நீரிழிவு இல்லாதவர்கள், எண்ணிக்கையும் சிறிது. ஆகவே இதனை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. மருந்துக்குத் துணையாகக் கொள்ளலாம்.

நம் சமையலில் இம்மாற்றம் கடினமன்று. மீனை வறுப்பதற்குப் பதில் குழம்பாக்குங்கள். முட்டையை அவித்து உண்ணுங்கள். வடைக்கு மாற்றாகச் சுண்டல் போதும். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் பீன்ஸ், சௌசௌ, முட்டைக்கோசு ஆகியவற்றை வேகவைத்துத் தாளித்தால் சுவையும் குன்றாது, நார்ச்சத்தும் கிடைக்கும். இறைச்சியை வதக்க நேர்ந்தால், முன்னதாக எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள், புளிப்பு, ஏ.ஜி.இ. உருவாவதைக் குறைக்கும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்சாதீர்கள். இட்லி ஆவியில் வெந்ததுதான். ஆயினும் அது அரிசி உணவே. எண்ணிக்கையைக் குறைத்து, சாம்பாரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தென்னை சூழ்ந்த அய்யம்பாளையத்தில் தேங்காயை விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. துருவலாகச் சிறிதளவு சேர்க்கலாம். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு மிகுதியாதலால் அளவு தேவை. மலைவாழைப்பழம் சிறியது ஒன்றை, உணவோடு சேர்க்காமல் இடைவேளையில் உண்ணலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதடைந்தோர் மருத்துவரைக் கேளாமல் அருந்துவது ஆபத்து. அவர்கள் பருப்பு, கீரை, பழங்களின் அளவையும் கேட்டறிய வேண்டும்.

மற்றுமோர் எச்சரிக்கை: இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் தாழ்சர்க்கரை ஏற்படலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அழற்சியை அளக்கும் சி.ஆர்.பி. பரிசோதனை அனைவருக்கும் வேண்டியதன்று. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, இரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனை, நாள்தோறும் பாதங்களைப் பார்த்தல் ஆகியவையே முதன்மையானவை.

அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். மருந்துச் சீட்டு நோயாளியின் கையில் இருந்தாலும், சிகிச்சையின் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.