மருத்துவ இடம்: நீங்கள் நிற்கும் வரிசை எது?

2024-இல் நீட் எழுதியவர்கள் ஏறத்தாழ 23.3 லட்சம் பேர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.09 லட்சம். வகுத்தால் 21 பேருக்கு ஓர் இடம். ரிசல்ட் வரும் வாரத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் கணக்கு இதுதான். கணக்கில் பிழையில்லை, ஆனால் எந்த ஒரு மாணவிக்கும் அது பொருந்தாது. 23 லட்சம் பேரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. மாநிலம், சமூகம், படித்த பள்ளி, கட்டக்கூடிய கட்டணம் என்று பல வரிசைகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்பதை அவள் நிற்கும் வரிசையின் நீளமே சொல்லும்.

தமிழ்நாட்டில் 100 இடங்கள் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போய்விடும். மீதி 85-இல் 7.5 சதவீதம், அதாவது ஆறு இடங்கள், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. எஞ்சும் 79-இல் பொதுப் பிரிவின் 31 சதவீதம் என்பது சுமார் 24 இடங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம், சுமார் 21. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 16, பட்டியல் சாதியினருக்கு 12, அருந்ததியருக்கும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் இரண்டு மூன்று, பழங்குடியினருக்கு ஒன்றுகூட முழுதாய்த் தேறாது. பி.சி. மாணவி ஒருத்தி பொதுப் பிரிவின் 24-க்கும் தன் பிரிவின் 21-க்கும் போட்டியிடுகிறாள். அவளுக்குத் தெரிய வேண்டியவை மாநிலத் தரவரிசையும் சமூகத் தரவரிசையும்தான்.

வரிசை மாறினால் வாய்ப்பு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நீட் வந்த பிறகு, 2020-க்கு முன், அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சட்டம் வந்த 2020-இலேயே 300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஒரே ஆண்டில் அந்தப் பள்ளிகளின் பாடமோ ஆசிரியரோ மாறிவிடவில்லை. அவர்களுக்கென்று தனி வரிசை உருவானது, அவ்வளவுதான். இப்படி வரிசை பிரிப்பது தகுதிக்கு எதிரானது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டைக் கவனிக்கட்டும். முன்னால் இருப்பவர் கட்டணம் கட்ட இயலாமல் விலக, வெகுதூரம் பின்னால் இருப்பவர் அங்கே இடம் பெறுகிறார். பணம் பிரிக்கும் வரிசையைப் பேசாமல், சமூக நீதி பிரிக்கும் வரிசையை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது.

மதிப்பெண்ணும் ஏமாற்றும். 2024-இல் இறுதிப் பட்டியலில் 720-க்கு 720 எடுத்தவர்கள் 17 பேர். 2025-இல் வினாத்தாள் கடினம், முதலிடமே 686. ஆகவே, “போன வருஷம் இந்த மார்க்குக்கு சீட் கிடைச்சுதே” என்ற பேச்சுக்குப் பொருளில்லை. ‘நீட் பாஸ்’ என்பதை நம்புவது அதைவிட ஆபத்து. 2025-இல் பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 144, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். அந்தக் கோட்டைத் தாண்டியவருக்குக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்டு, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இப்படியெல்லாம் கணக்குப் போட்டால் பிள்ளை மனம் தளர்ந்துவிடாதா என்று பெற்றோர் கேட்பது நியாயம். கணக்கே தெரியாமல் இரண்டாவது, மூன்றாவது ஆண்டும் வீட்டுக்கும் கோச்சிங் சென்டருக்கும் நடுவே கழிப்பதுதான் பிள்ளைகளை உடைக்கிறது. கடைசி இடம் போன தரவரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும், புதுக் கல்லூரிகள் வந்தால் இன்னும் நகரும் என்பதும் உண்மை. அதனால்தான் ஓராண்டை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுகளை, முதல் சுற்றோடு நிற்காமல் கடைசிச் சுற்று வரை பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளையின் தரவரிசை அந்த எல்லைக்கு அருகில் இருந்தால் இன்னோர் ஆண்டு முயல்வதில் அர்த்தமுண்டு. பல்லாயிரம் இடங்கள் தள்ளி இருந்தால், மீண்டும் பணம் கட்டுமுன் அவளை உட்காரவைத்து அந்த மூன்று ஆண்டுகளின் கடைசித் தரவரிசைகளைக் காட்டுங்கள், முடிவை அவளும் சேர்ந்து எடுக்கட்டும்.