காசு கொடுத்துச் சிறைவாசம்!

காசு கொடுத்து யாராவது சிறைக்குப் போவார்களா என்று கேட்டால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால், நேயர்களே, இன்று உலகத்தின் பல நகரங்களில் இது நடக்கிறது! நாலைந்து பேர் சேர்ந்து போகிறார்கள், கட்டணம் செலுத்துகிறார்கள், ஓர் அறைக்குள் அடைபடுகிறார்கள். சுவரில் ஒரு கடிகாரம் அறுபது நிமிஷத்தைத் தலைகீழாக எண்ணிக்கொண்டே வருகிறது. அதற்குள் அறையில் ஒளிந்திருக்கும் புதிர்களை ஒவ்வொன்றாக விடுவித்து வெளியே வந்தால் வெற்றி! 'எஸ்கேப் ரூம்', அதாவது தப்பிக்கும் அறை என்பது இந்த விளையாட்டின் பெயர்.

2007-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரில் தகாவோ கட்டோ என்பவர் இதைத் தொடங்கி வைத்தார். 2011-இல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் அட்டிலா கியூர்கோவிச் என்பவர் 'பாராபார்க்' என்ற இடத்தைத் திறந்தார். பிறகு ஐரோப்பாவெங்கும் இந்த மோகம் பற்றிக் கொண்டது.

மந்திரமா, மின்சாரமா?

அறைக்குள் என்னதான் நடக்கிறது? மேஜை மேல் மூன்று மரப் பொம்மைகள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்றையும் உரிய பீடத்தில் வைத்தவுடன், யாரும் தொடாமலே எதிர்ச் சுவரிலுள்ள அலமாரி 'டக்'கென்று திறந்து கொள்கிறது. பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள். மாயமோ, மந்திரமோ என்று நமக்கும் தோன்றும்.

மந்திரம் ஒன்றுமில்லை. பொம்மையின் அடியில் குண்டுமணி அளவில் ஒரு சில்லு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் எண் உண்டு. பீடத்துக்குள் மறைந்திருக்கும் கருவி அந்த எண்ணைப் படித்து, ஒரு சிறு கணிப்பொறிக்குச் சொல்கிறது. இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுபவை இரண்டு. ஒன்று, 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் பிறந்த அர்டுயினோ. மற்றொன்று, 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை. இரண்டுமே உள்ளங்கையில் அடங்குபவை. படிக்கிற பிள்ளைகளை மனத்தில் வைத்து உண்டாக்கப்பட்டவை.

அலமாரியைப் பிடித்திருப்பது காந்தப் பூட்டு. நிலையில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. மின்சாரம் ஓடுகிறவரை சாதாரணப் பூட்டே சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும். பயில்வான் வந்து இழுத்தாலும் அசையாது! மின்சாரத்தை நிறுத்தினால் அடுத்த கணமே பிடி விட்டுப் போகும். கதவைத் திறப்பதற்கு அது ஒன்றுமே செய்வதில்லை, பார்த்தீர்களா? பிடித்திருப்பதை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் ஒருவர் காமிராவின் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருப்பார். ஆட்டக்காரர்கள் விழிக்கும்போது ஒரு துப்புக் கொடுப்பதும், எந்தப் பூட்டையும் பொத்தானைத் தட்டித் திறந்து விடுவதும் அவர் கையில் இருக்கிறது.

முதல் கேள்வி

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அவ்வப்போது ஒன்று கூடுகிறார்கள். புதிதாகக் கட்டுப்பாட்டுக் கருவி செய்தவர் அதை மேஜை மேல் பரப்பி, விளக்கு மின்னுவதையும், பேழை திறப்பதையும், திரையில் வண்ணம் வண்ணமாகப் படம் ஓடுவதையும் காட்டுகிறார். சபாஷ் போட வேண்டியதுதான். ஆனால் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: "எல்லாம் சரி ஐயா, உம்முடைய கணிப்பொறி நின்று போனால் கதவு என்ன ஆகும்?"

2019-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி போலந்து நாட்டின் கோஷாலின் நகரில் ஐந்து சிறுமிகள் இப்படி ஓர் அறைக்குள் போனார்கள். எல்லோருக்கும் வயது பதினைந்து. அவர்களில் ஒருத்தியின் பிறந்த நாள் கொண்டாட்டம். வரவேற்புப் பகுதியில் குளிருக்காக வைத்திருந்த அடுப்பிலிருந்து எரிவாயு கசிந்து தீப்பிடித்தது. வெளியேற வேறு வழி இல்லை. நச்சுப் புகை ஐந்து பேரையும் பலி கொண்டது. அதன் பிறகு போலந்து முழுவதும் இத்தகைய அறைகளைச் சோதனையிட்டார்கள், பலவற்றை மூடினார்கள். கணிப்பொறியின் சாமர்த்தியத்தால் நேர்ந்த விபத்தன்று அது. இருந்தாலும், வாசலைப் பற்றி யோசிக்காமல் புதிரைப் பற்றி மட்டும் யோசிப்பதன் விலை என்ன என்பதை அது காட்டிவிட்டது.

காந்தப் பூட்டின் பூர்வ கதையும் இதைத்தான் சொல்கிறது. 1969-இல் கனடாவின் மான்ட்ரியல் ஃபோரம் என்ற விளையாட்டு அரங்கில், கதவுகளைப் பூட்டினால் தீ விபத்தில் ஜனங்கள் சிக்குவார்களே என்று தீயணைப்பு அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். அதற்குப் பரிகாரமாக இர்விங் சஃபிர்ஸ்டைன் என்பவர் வகுத்ததே இந்தப் பூட்டு.

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மின்சாரம் போனாலும் ஆட்டம் நிற்கக் கூடாதென்று பாட்டரி வைத்துவிட்டால், பூட்டு பிடியை விடாது! ஆகவே அபாயப் பொத்தான் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்புவதாக இருந்தால் போதாது. பூட்டுக்குப் போகும் கம்பியையே துண்டிப்பதாக இருக்க வேண்டும். பலர் இப்போது நுழைவாசலைப் பூட்டுவதையே விட்டுவிட்டார்கள். ஆட்டத்தின் சுவை அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் பிள்ளைகளும் ஒரு நாள் இந்த விளையாட்டுக்குப் போக வேண்டுமென்று அடம் பிடிக்கலாம். அப்போது நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். குழந்தைகள் தாங்களாகவே வெளியே வர வழி இருக்கிறதா? அபாயப் பொத்தான் எங்கே, அமுக்கிக் காட்டுவீர்களா? ஆட்டம் முடிகிறவரை ஒருவர் இடத்தை விட்டு நகராமல் பார்த்துக் கொண்டிருப்பாரா?

முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தைரியமாக அனுப்பலாம். நீங்களும் கூடவே போய் வாருங்களேன்! காணாமல் போன சாவிக் கொத்தையும் மூக்குக் கண்ணாடியையும் தினந்தோறும் கண்டெடுத்துக் கொடுக்கிற உங்களுக்கு அந்தப் புதிரெல்லாம் எம்மாத்திரம்!