மோட்டார் வண்டியின் மின்னணு அமைப்புகள்: சொந்தக்காரர் திருத்தத்தக்கவையும் தொடத்தகாதவையும்

வெள்ளகோவில் வட்டாரத்தில் முருங்கையும் தென்னையும் பயிரிடும் குடியானவர்கள் பலரிடம் இப்போது மோட்டார் கார் இருக்கிறது. தோட்டத்திற்கும் விற்பனைக்கூடத்திற்கும் காங்கயத்திற்கும் திருப்பூருக்குமாக வண்டி ஓயாமல் ஓடுகிறது. காய்ப்பு மும்முரமாயிருக்கும் நாளில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தால், வண்டியை ஓட்டலாமா, நிறுத்தவேண்டுமா என்பது தெரியாமல் சொந்தக்காரர் திகைக்கிறார். அவ்விளக்கின் காரணத்தை அறியவும், வண்டியின் சில அமைப்புகளைத் தம் சௌகரியம்போல் மாற்றிக்கொள்ளவும் உதவும் கருவிகளும் மென்பொருள்களும் இன்று எளிதில் கிடைக்கின்றன. இவற்றால் விளையும் அனுகூலம் பெரிது. அஜாக்கிரதையால் விளையும் நஷ்டமும் பெரிது.

முற்காலத்து வண்டியில் கார்ப்பரேட்டரின் திருகைத் திருப்பி எரிபொருளைக் கூட்டுவதும் குறைப்பதும் கைவேலை. இக்காலத்து வண்டியில் அவ்வேலையைச் சிறு கம்ப்யூட்டர் ஒன்று செய்கிறது. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்கிற்கு ஒன்று, ஏர்பேக்கிற்கு ஒன்று, விளக்கு கதவு முதலியவற்றிற்கு ஒன்று எனப் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உண்டு. இவை முறுக்கிய இரட்டைக் கம்பிகளின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஜெர்மனியைச் சேர்ந்த பாஷ் கம்பெனி 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறைக்குக் கேன் என்று பெயர்.

ஸ்டீயரிங்கிற்குக் கீழே 16 முனைகளுள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி இரண்டாம் நிலை கட்டாயமாக்கப்பட்டது. சாக்கெட்டின் 16-வது முனையில் பேட்டரி மின்சாரமும், 6, 14 ஆகிய முனைகளில் கேன் கம்பிகளும் வருகின்றன. அதில் ஒரு சிறு அடாப்டரைச் செருகினால், செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ பழுதுக்குரிய குறியெண்களைப் படிக்கலாம். எஞ்சின் வகையில் 0300 என்பது சிலிண்டர்களில் எரிதல் தவறுவதையும், 0087 என்பது எரிபொருள் அழுத்தம் குறைந்திருப்பதையும் காட்டும். குறியெண் நோய்க்குறியேயன்றி நோயன்று. 0087 வந்தால் பம்பைத்தான் மாற்றவேண்டும் என்பதில்லை. அடைத்துக்கொண்ட டீசல் ஃபில்டரும் காரணமாகலாம். எனினும் குறியெண்ணைத் தெரிந்துகொண்டு ஒர்க்‌ஷாப்பிற்குச் செல்பவர் வீண்செலவுக்கு எளிதில் இடங்கொடார்.

படிப்பது ஒரு காரியம். எழுதி மாற்றுவது வேறு காரியம். இதற்கு ஃபோர்டு வண்டிகளை உதாரணமாகக் கொள்ளலாம். மறைமலைநகர்த் தொழிற்சாலையில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ஆம் ஆண்டில் நின்றது. அங்கே தயாரான வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இவ்வண்டிக்காரர்கள் உபயோகிக்கும் மென்பொருள்களில் ஃபோர்ஸ்கேன் ஒன்று. செல்போனுக்கான வகையில் குறியெண்களைப் படிக்கலாம். அமைப்புகளை மாற்றுவதற்கு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான வகையும் அதற்குரிய விசேஷ அனுமதியும் வேண்டும். பல ஃபோர்டு வண்டிகளில் 3, 11 ஆகிய முனைகளில் இரண்டாவது கேன் வழி ஒன்றும் உண்டு. அவ்வழியையும் எட்டும் அடாப்டரே முழுப்பயன் தரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளுக்கு விசிடிஎஸ் என்ற மென்பொருள் உண்டு.

சொந்தக்காரர் திருத்தத்தக்கவை யாவை? வண்டி நகர்ந்ததும் கதவு தானே பூட்டிக்கொள்ளுதல், சிக்னல் நெம்புகோலை ஒரு முறை தொட்டால் விளக்கு எத்தனை தடவை மினுக்கவேண்டும் என்பது, இறங்கிய பிறகு முகப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரியவேண்டும் என்பது போன்ற சௌகரிய அமைப்புகளேயாம். இவை எல்லா மாடல்களிலும் ஒன்றுபோல் இரா.

இவ்வேலையைச் செய்யும் முறை குடியானவருக்குப் புதிதன்று. புதிய உரத்தைப் பரீட்சிப்பவர் ஒரு பாத்தியில் இட்டு, அடுத்த பாத்தியை இடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிடுகிறார். உரம், விதை, தண்ணீர்முறை மூன்றையும் ஒருங்கே மாற்றினால், மகசூல் எதனால் கூடிற்று என்பது விளங்காது. வண்டிக்கும் இதுவே விதி.

முதலாவது, எதையும் மாற்றுமுன் பெட்டியின் பழைய மதிப்புகள் முழுவதையும் கம்ப்யூட்டரில் சேமித்து, மாற்றப்போகும் மதிப்பைத் தேதியுடன் நோட்டிலும் எழுதிக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, பேட்டரி நல்ல நிலையில் இருக்கவேண்டும். எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டுவது முழுச் சார்ஜைக் குறிக்கும். எழுதும்போது மின்சாரம் குறைந்தாலும் அடாப்டர் கழன்றாலும் பெட்டி செயலற்றுப்போகக்கூடும். அந்தச் செலவு கருவியின் விலையைப்போல் பலமடங்காகும். ஆகையால் சார்ஜரை இணைத்துவைத்தல் உத்தமம்.

மூன்றாவது, ஒரு தடவையில் ஒரே அமைப்பை மாற்றி, இரண்டொரு நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும்.

நான்காவது, பிறர் வண்டிக்குச் சொன்ன எண்ணைத் தம் வண்டியில் அப்படியே எழுதலாகாது. ஒரே பெயருள்ள வண்டியிலும் வருஷத்திற்கு வருஷம் பெட்டி வேறுபடும்.

இனி, தொடத்தகாதவை. ஏர்பேக், பிரேக், சீட் பெல்ட் எச்சரிக்கை ஆகியவை உயிரைக் காப்பவை. ஓடிய தூரக் கணக்கை மாற்றுவது வாங்குபவரை வஞ்சிப்பதாகும். எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி ரீமேப் செய்வோரும் உண்டு. டீசலும் டர்போ அழுத்தமும் அளவுமீறினால் எஞ்சின் சூடேறும், கிளட்ச் தேயும், புகை மிகும். 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களிலுள்ள புகைக்கரி வடிகட்டியை மென்பொருளால் மறைத்து அகற்றுவதும் சட்டவிரோதமே. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ சொந்தக்காரருக்கு விதிக்கப்படலாம். உத்தரவாதமும் இன்ஷூரன்ஸும் தகராறுக்கு உள்ளாகலாம். புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் கம்பெனி வைத்திருந்தது 2015-இல் அமெரிக்காவில் வெளிப்பட்டபோது, உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. பெரிய கம்பெனிக்கே மறைக்க இயலாத காரியம் தனிமனிதருக்குத் தகாது.

இது காரோடு நின்றுவிடும் விஷயமன்று. 2023 ஜனவரி முதல் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்துள்ளமையால், அவற்றின் எஞ்சின்களிலும் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. டிராக்டரின் பழுதைத் தாமே அறிந்து சரிசெய்யும் உரிமைக்காக அமெரிக்கக் குடியானவர்கள் வாதாடியதன் பயனாக, கொலராடோ மாகாணம் 2023-இல் சட்டம் இயற்றிற்று. இந்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகாவும் 2022 ஜூலையில் இதற்கென ஒரு கமிட்டி அமைத்து, விவசாயக் கருவிகளையும் அதன் கவனத்தில் சேர்த்தது.

ஆகவே அறிவை வெறுக்கவும் வேண்டாம். அதில் அவசரமும் வேண்டாம். நாலைந்து குடியானவர்கள் கூடி நல்ல அடாப்டர் ஒன்றை வாங்கி, முதல் வருஷம் குறியெண்களைப் படிப்பதற்கு மட்டும் உபயோகித்தால் அதுவே போதிய லாபம். கிராம அதிகாரிகள் மேற்கூறிய சட்ட விஷயத்தை ஊராருக்கு எடுத்துச் சொல்லுதல் நலம். பழைய மதிப்பை எழுதிவைத்தவருக்குத் திரும்பிவர வழியுண்டு; எழுதாமல் மாற்றியவருக்கு ஒர்க்‌ஷாப்பே கதி.