கட்டளைக்கு முன் வரும் காரணம்

ஆங்கிலத்தில் எழுதிய குத்தகை ஒப்பந்தம் எதையும் எடுத்துப் பாருங்கள். தேதியும் இரு தரப்பினர் பெயரும் முடிந்த கையோடு ‘வேர்ஆஸ்’ என்று தொடங்கும் பத்திகள் வரும். பலரும் அவற்றைத் தாண்டி வாடகைக்கும் முன்பணத்துக்கும் போய்விடுகிறார்கள். அங்கே நின்று படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

‘வேர்’, ‘ஆஸ்’ என்ற இரண்டும் ஒட்டிய சொல் இது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘எங்கே’ என்று இடத்தையும் சுட்டியது. அந்தப் பொருள் தேய்ந்துபோனது. இன்று கட்டுரைகளில் இது எதிர்நிலையைக் காட்டும். ‘அண்ணன் படிப்பாளி, தம்பியோ விளையாட்டுப் பிள்ளை’ என்கிறோமே, அந்த ‘ஓ’ செய்கிற வேலை. பத்திரத்திலும் சட்டத்திலும் ‘நிலைமை இவ்வாறு இருப்பதால்’ என்று பொருள். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இந்தச் சொல்லோடுதான் தொடங்கியது.

இப்படி வரும் முகவுரைப் பத்திகள் பொதுவாகத் தாமாக யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் பின்னால் வரும் ஷரத்து இரண்டு பொருள் தந்து குழப்பினால், எந்த நோக்கத்தில் எழுதினார்கள் என்று அறிய நீதிமன்றம் இவற்றைத்தான் பார்க்கும். வாங்கிய கடனையோ இடத்தின் எல்லையையோ இங்கே தவறாக எழுதவிட்டுக் கையெழுத்துப் போட்டால், பிறகு மறுப்பது கடினம்.

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரையில் ஏழு பத்திகள் இந்தச் சொல்லில் தொடங்குகின்றன. 30 உறுப்புகளுக்கும் முன்னால், அந்த உரிமைகள் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். போரின் கொடுமையைக் கண்ட தலைமுறை, காரணத்தைச் சொல்லாமல் உரிமையை மட்டும் அறிவிக்க மனம் கொள்ளவில்லை என்றே எனக்குப் படுகிறது.

2009-இல் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்கும் தீர்மானம் செனட்டுக்கு வந்தது. அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகள் ‘வேர்ஆஸ்’ பத்திகளாக அடுக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு அது ராணுவச் செலவுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாகச் செருகப்பட்டபோது அந்தப் பத்திகள் இல்லை. மன்னிப்பு இருந்தது, இதை வைத்து அரசிடம் எந்த உரிமையும் கோர முடியாது என்ற வாசகமும் இருந்தது. காரணம் உதிர்ந்த மன்னிப்பை மன்னிப்பு என்று ஏற்க என்னால் முடியவில்லை.

ஒக்லாலா லகோட்டா இனத்துக் கவிஞர் லெய்லி லாங் சோல்ஜர் 2017-இல் தம் கவிதை நூலுக்கு ‘வேர்ஆஸ்’ என்றே பெயர் வைத்தார். தீர்மானத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, தம் மகளைப் பற்றியும் தமக்குச் சரியாக வாய்க்காத தாய்மொழியைப் பற்றியும் அந்தச் சொல்லில் தொடங்கியே எழுதியிருக்கிறார்.