லினக்ஸ் அமைப்புகளில் பயனர் கணக்கு தெரியாமற்போதல்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒருவருடைய பயனர் கணக்கு கணினியில் முழுமையாக இருந்தும், மேசைத்தளத்தின் அமைப்புகள் பகுதியிலோ நுழைவுத் திரையிலோ அவர் பெயர் காட்டப்படாமல் இருப்பது உண்டு. இதைக் காண்பவர்கள் கணக்கு அழிந்துவிட்டது என்று எண்ணி, இயங்குதளத்தை மீண்டும் நிறுவ முற்படுகின்றனர். பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடக்குறிப்புகளும் படங்களும் பெரும்பாலும் அப்போதுதான் அழிகின்றன. எனவே, கணக்கு இருக்கிறதா என்று உறுதிசெய்த பின்னரே வேறு எதையும் செய்ய வேண்டும்.

கணக்கு எங்கே இருக்கிறது?

உள்ளூர்க் கணக்குகள் அனைத்தும் 'ஈடிசி' என்னும் அடைவில் உள்ள ஓர் உரைக்கோப்பில் பதிவாகியுள்ளன. 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் ஆகிய 2 எழுத்துகளை நீக்கினால் கிடைப்பது அக்கோப்பின் பெயர். ஒரு கணக்குக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட 7 பகுதிகள் இருக்கும். தமிழில் எழுதிக் காட்டினால் அது இவ்வாறு அமையும்:

மலர்:எக்ஸ்:1001:1001:மலர்விழி:/ஹோம்/மலர்:/பின்/பாஷ்

இவை முறையே பயனர்பெயர், கடவுச்சொல்லுக்கான அடையாளம், பயனர் எண், குழு எண், முழுப்பெயர், இல்ல அடைவு, உறைநிரல் ஆகியவை. மறையாக்கப்பட்ட கடவுச்சொல் 'ஷேடோ' என்ற வேறொரு கோப்பில் உள்ளது. அதை நிருவாகி மட்டுமே படிக்க முடியும்.

க்னோம் மேசைத்தளத்தின் அமைப்புகள் பகுதி இக்கோப்பை நேரடியாகப் படிப்பதில்லை. 'அக்கவுண்ட்ஸ்சர்வீஸ்' என்னும் பின்னணிச் சேவை கோப்பைப் படித்து, மனிதர்களுக்கு உரியவை என்று தான் கருதும் கணக்குகளை மட்டும் பட்டியலாகத் தருகிறது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பட்டியலையும் போன்றவை இவை. பலகையில் பெயர் விடுபட்டதால் மாணவரின் சேர்க்கை நீங்கிவிடாது.

முதற்சோதனை

முனையத்தைத் திறந்து 'ஐடி' என்ற கட்டளையைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டுப் பயனர்பெயரைக் கொடுக்க வேண்டும். பயனர் எண்ணும் குழு எண்ணும் விடையாக வந்தால் கணக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட பயனர் இல்லை என்று விடை வந்தால் மட்டுமே பதிவு நீங்கியுள்ளது என்று கொள்ளலாம்.

முனையத்தைத் திறக்க முடியாத நிலையில், நுழைவுத் திரையில் 'பட்டியலில் இல்லையா?' என்னும் பொருள்பட உள்ள இணைப்பைச் சொடுக்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் தாமே உள்ளிட்டுப் பார்க்கலாம். பட்டியலில் இல்லாத பலர் இவ்வழியில் நுழைய முடியும்.

காரணங்களும் தீர்வுகளும்

1. சேவை இயங்காமை: ஒருவர் மட்டுமன்றி எல்லாருமே பட்டியலில் இல்லையென்றால் முதலில் சேவையை ஐயுற வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையால் 'அக்கவுண்ட்ஸ்-டீமன்' சேவையின் நிலையைப் பார்த்து, அதை மீண்டும் தொடங்கலாம்.

2. பயனர் எண் 1000-க்குக் கீழ் இருத்தல்: இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் மனிதர்களுக்கான எண்கள் 1000-இல் தொடங்குகின்றன. அதற்குக் கீழுள்ளவை அமைப்புக் கணக்குகளாகக் கருதப்பட்டு மறைக்கப்படும். எண் 0 கொண்ட 'ரூட்' கணக்கு பட்டியலில் வராததும் இதனால்தான். ஃபெடோரா வழங்கலில் முன்பு இவ்வெல்லை 500 ஆக இருந்தது. 2011-இல் வெளிவந்த ஃபெடோரா 16-இல் அது 1000 ஆக்கப்பட்டது. பழைய கணினியிலிருந்து 500, 501 போன்ற எண்களோடு கொண்டுவந்த கணக்குகள் இக்காரணத்தால் மறையலாம். வேறொரு நிருவாகிக் கணக்கில் நுழைந்து 'யூசர்மோட்' கட்டளையால் எண்ணை மாற்றலாம். புதிய எண் வேறு யாருக்கும் உரியதாக இருத்தல் கூடாது. அப்பயனரின் இல்ல அடைவில் உள்ள அவருடைய கோப்புகளுக்கு உரிமை தானாக மாறும். வெளியே உள்ள கோப்புகளுக்கு 'சௌன்' கட்டளையால் நாமே மாற்ற வேண்டும்.

3. உறைநிரல்: 7-ஆம் பகுதியில் 'நோலாகின்' அல்லது 'ஃபால்ஸ்' என்று இருந்தால், உள்நுழைய இயலாத கணக்கு எனக் கருதிச் சேவை அதை மறைக்கும். அப்பகுதியை 'பாஷ்' உறைநிரலாக மாற்றினால் பெயர் தெரியும். கணக்கை யாரேனும் வேண்டுமென்றே முடக்கியிருந்தால் அவரைக் கேட்காமல் மாற்றுதல் நன்றன்று.

4. அமைப்புக் கணக்கு எனக் குறித்திருத்தல்: 'வார்', 'லிப்', 'அக்கவுண்ட்ஸ்சர்வீஸ்', 'யூசர்ஸ்' என்று ஒன்றனுள் ஒன்றாக உள்ள அடைவுகளில் கடைசி அடைவில், பயனர்பெயரிலேயே ஒரு சிறு கோப்பு இருக்கலாம். அதில் 'சிஸ்டம்அக்கவுண்ட்' என்ற வரியின் மதிப்பு 'ட்ரூ' என்றிருந்தால் பெயர் மறைக்கப்படும். அதை 'ஃபால்ஸ்' என்று மாற்றிச் சேவையை மீண்டும் தொடங்க வேண்டும்.

5. வரிப்பிழை: கோப்பைக் கையால் திருத்தியபோது ஒரு முக்காற்புள்ளி விடுபட்டாலும் அவ்வரி செல்லாததாகிவிடும். அப்போது 'ஐடி' கட்டளையும் பயனர் இல்லை என்றே சொல்லக்கூடும். 'பிடபிள்யூசிகே' என்னும் கட்டளை இத்தகைய பிழைகளைச் சுட்டிக்காட்டும். திருத்துவதற்கு 'விஐபிடபிள்யூ' பாதுகாப்பானது. ஒரே நேரத்தில் இருவர் கோப்பை மாற்றாதபடி அது பூட்டி வைக்கும்.

6. வலையமைப்புக் கணக்குகள்: கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் கணக்குகள் மையச் சேவையகத்தில் இருக்கலாம். அத்தகைய பயனர் அக்கணினியில் ஒருமுறையேனும் நுழையும் வரை அவர் பெயர் பட்டியலில் வராது. இது பிழையன்று.

பதிவே நீங்கியிருந்தால்

'ஐடி' கட்டளையும் இல்லை என்று சொல்லி, வரிப்பிழையும் இல்லையென்றால், 'ஹோம்' அடைவினுள் அப்பயனரின் அடைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கு நீங்கினாலும் கோப்புகள் பல வேளைகளில் அங்கேயே இருக்கும். லினக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அன்றி எண்ணால் நினைவில் வைக்கிறது. 'எல்எஸ்' கட்டளையோடு கழித்தல் குறியும் எல், என் எழுத்துகளும் சேர்த்தால் அவ்வெண் தெரியும். அதே பெயரோடும் அதே எண்ணோடும் கணக்கை மீண்டும் உருவாக்கினால் பழைய கோப்புகள் உரியவருக்குத் திரும்பக் கிடைக்கும். வேறு எண் அமைந்தால், கோப்புகள் கண்முன் இருந்தும் திறக்க அனுமதி கிடைக்காமல் போகலாம்.

செய்யக்கூடாதவை

பெயர் தெரியவில்லை என்பதற்காகக் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குதல் கூடாது. நீக்கும்போது கோப்புகளையும் சேர்த்து நீக்கும் தெரிவு ஒன்று உண்டு. ஒரே சொடுக்கில் அனைத்தும் போய்விடும். எந்தத் திருத்தத்துக்கும் முன்பாக இல்ல அடைவை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.