ஒரு செயலியின் கணக்கு இன்னொன்றுக்குப் புரிவது எப்படி?

களம்பூரை அடுத்த ஆரணியின் பட்டுத் தறிகளில் ஜக்கார்டு அட்டை பார்த்திருப்பீர்கள். ஓட்டை இருந்தால் ஊசி நுழையும், இழை மேலேறும். கொக்கி எண்ணிக்கையும் கட்டும் ஒத்திருந்தால், வேறு தறியிலும் அதே பூ விழும்.

குழந்தைகளின் கல்விச் செயலிகளுக்கும் இப்படியொரு பொது அட்டை வேண்டும். 2013-இல் முதல் பதிப்பு வெளியான எக்ஸ்ஏபிஐ என்ற தரநிலை அப்படிப்பட்டது: யார், என்ன செய்தார், எதை. 'கயல் முடித்தாள், பின்னக் கணக்கு.' இவ்வளவுதான் வாக்கியம். அடுத்த செயலி அதைப் படித்து, தசமத்தில் தொடங்கும்.

ஒரே வகுப்பில் மூன்று கயல்கள் இருந்தால்? பெயர் போதாது, எண் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் என்ற தனி அடையாள எண் இருப்பது இதற்கு உதவும்.

ஆனால் இப்படிப் பகிரப்படுவது குழந்தைகளின் தரவு. 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மிகச் சரி. ஒப்புதல் இருந்தாலும், பின்னம் சொல்லித்தர வீட்டு முகவரி எதற்கு?