பழைய லேப்டாப்பில் லினக்ஸ் பென் டிரைவ் பூட் ஆகலையா? எடைக்குப் போடும் முன் இதைப் பாருங்க

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினிகளுக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. மிச்சமிருக்கும் ஒரு வழி, லினக்ஸ். அதை இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்ப்பதுதான் லைவ் யுஎஸ்பி.

ஆனால் பென் டிரைவைச் செருகி ஆன் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸே வந்து நிற்கும். 'மெஷின் அவ்வளவுதான்' என்று முடிவு கட்டிடாதீங்க. பல நேரங்களில் கோளாறு கணினியில் இல்லை. பென் டிரைவைத் தயார் செய்த விதத்தில்தான்.

ஏன் இப்படி?

பழைய பயாஸ், டிரைவின் முதல் 512 பைட்டில் உள்ள எம்பிஆர் பகுதியைப் படித்துத்தான் பூட் ஆகும். புதிய யுஇஎஃப்ஐ அப்படியல்ல, பூட் ஃபைலை நேரடியாகத் தேடும். ஒன்றுக்காகத் தயாரித்த பென் டிரைவ் மற்றொன்றின் கண்ணில் படாமல் போகலாம்.

என்ன செய்யலாம்?

1. விண்டோஸ் தேடலில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்க. 'லெகசி' என்றிருந்தால், ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி-க்குப் பதில் எம்பிஆர் தேர்வு செய்யணும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முன்பே காப்பி எடுத்து வையுங்கள்.

2. செட்டிங்ஸ்-சிஸ்டம்-அபவுட் பக்கத்தில் ப்ராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா என்று தெரியும். உபுண்டு தன் 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை 2017-லேயே நிறுத்திவிட்டது. 32 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ் 23 போன்றவைதான் ஓடும்.

3. பென் டிரைவைச் செருகிய பிறகே கணினியை ஆன் செய்யுங்க. பூட் மெனு பட்டன் பல டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9. சில பழைய பயாஸ்களில் பென் டிரைவ் 'யுஎஸ்பி' என்று வராது. ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும்.

4. மெனு வந்தபின் திரை கறுப்பானால், உபுண்டுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்', மின்ட்டில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' தேர்ந்தெடுங்கள்.

பூட் ஆயிடுச்சா?

அவசரப்பட்டு 'இன்ஸ்டால்' அழுத்த வேண்டாம். டிஸ்கில் உள்ளவை அழியக்கூடும். முதலில் வைஃபை, ஸ்பீக்கர், கேமரா வேலை செய்கிறதா பாருங்கள். விண்டோஸ் திறக்காத கணினி என்றாலும், டிஸ்க் பழுதாகாமலும் என்க்ரிப்ட் ஆகாமலும் இருந்தால், உள்ளே மாட்டிய குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் இப்போதே வேறொரு டிரைவுக்கு மாற்றிவிடலாம். லினக்ஸுக்கு மாறுவதா வேண்டாமா என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம்.